வாசக்டமியில் (ஆண்களுக்கான கருத்தடை ஆபரேஷனில்) வலி எங்கே வருகிறது, அதை எப்படிக் குறைக்கலாம்?

கேள்வி:

டாக்டர் அவர்களுக்கு வணக்கம். எனக்கு வயது 37. ஈரோடு மாவட்டத்தில் சிறிய விசைத்தறிப் பட்டறை வைத்திருக்கிறேன். இரண்டு பிள்ளைகள், இரண்டும் சிசேரியன். மனைவிக்கு இரண்டாவது பிரசவத்தில் ரத்தப்போக்கு அதிகமானதால் அப்போதே குடும்பக் கட்டுப்பாடு செய்ய முடியாது என்று சொல்லிவிட்டார்கள். பிறகு காப்பர்-டி வைத்தார்கள். மாதவிலக்கில் ரத்தம் ரொம்பப் போனதால் அதையும் எடுத்தாயிற்று. இப்போது மனைவிக்கு ஹீமோகுளோபின் 8 கிராம்தான் இருக்கிறது. நானே செய்துகொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன், ஆனால் உள்ளுக்குள் பயம். 1976-இல் முகாமில் செய்துகொண்ட என் பெரியப்பா, ஒரு மாதம் காலை அகட்டித்தான் நடந்ததாகச் சொல்கிறார். எனக்கு ஊசி என்றாலே தலை சுற்றும். பல் பிடுங்கப் போன இடத்தில் மயங்கி விழுந்திருக்கிறேன். கத்தியும் இல்லை, ஊசியும் இல்லை என்று ஒரு வீடியோவில் பார்த்தேன். அது நிஜமா? முழு மயக்கம் கொடுத்துச் செய்வார்களா? பட்டறையில் பாவு பீம் (நூல் சுற்றிய கனமான உருளை) தூக்க வேண்டும், எப்போது வேலைக்குத் திரும்பலாம்? உடம்பில் பலம் போய்விடும் என்று அம்மா வேறு சொல்லிக்கொண்டே இருக்கிறார். பெயர் வேண்டாம்.

பதில்:

வணக்கம். முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் வீட்டு நிலைமைக்கு நீங்கள் எடுத்த முடிவு மிகச் சரியானது. இரண்டு முறை வயிற்றைத் திறந்தவருக்கு உள்ளே தசையும் குடலும் ஒட்டிக்கொண்டிருக்கலாம். 8 கிராம் ரத்தத்தோடு அவரை மூன்றாவது முறை மேஜையில் படுக்க வைப்பதைவிட, வயிற்றையே தொடாத ஒரு சின்ன சிகிச்சையை நீங்கள் செய்துகொள்வது எல்லா விதத்திலும் பாதுகாப்பு. (அந்த 8 கிராமை அப்படியே விட்டுவிடாதீர்கள். காப்பர்-டி எடுத்த பிறகும் ரத்தம் ஏறவில்லை என்றால் காரணம் என்ன என்று பார்க்க வேண்டும்.)

உங்களைப் போல முன்வருபவர்கள் நம் நாட்டில் மிகக் குறைவு. 2019-21-இல் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் திருமணமான பெண்களில் 37.9 சதவீதம் பேர் கருத்தடை ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். கணவர் செய்துகொண்டது 0.3 சதவீதம். இரண்டில் எளிதான, ஆபத்து குறைவான ஆபரேஷன் எது என்று எந்த அறுவை மருத்துவரைக் கேட்டாலும் ஆணுக்குச் செய்வதைத்தான் காட்டுவார். அப்படியிருந்தும் எண்ணிக்கை இவ்வளவு ஏறுமாறாக இருப்பதற்குப் பயம் ஒரு பெரிய காரணம். அதனால் உங்கள் பயத்தை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்ளவில்லை.

பெரியப்பா சொன்னதை நான் அப்படியே நம்புகிறேன். அந்தக் காலத்து வாசக்டமியில் விதைப்பையின் இரண்டு பக்கமும் கத்தியால் கீறுவார்கள், விந்தணுவைக் கொண்டுபோகும் குழாயைத் தேடி எடுப்பார்கள், கட்டி வெட்டிவிட்டுத் தையல் போடுவார்கள். கத்தி போகும் வழியில் சின்னச் சின்ன ரத்தக் குழாய்கள் அறுபடும். விதைப்பைத் தோல் தொளதொளவென்று இருப்பதால் உள்ளே ரத்தம் கசிந்தால் அதை அழுத்தி நிறுத்த எதுவும் இல்லை, அப்படியே தேங்கி வீங்கும். அதோடு அது நெருக்கடி நிலைக் காலம். 1976-77-ஆம் வருடத்தில் மட்டும் நாடு முழுவதும் 60 லட்சத்துக்கும் மேற்பட்ட ஆண்களுக்கு இந்த ஆபரேஷன் நடந்தது, பலருக்குக் கட்டாயத்தின் பேரில். இலக்கை எட்ட வேண்டும் என்ற அவசரத்தில், மருந்து நன்றாக மரத்துப்போகக் காத்திருக்கவும், வீட்டுக்குப் போனபின் எப்படி இருக்கிறார் என்று விசாரிக்கவும் யாருக்கு நேரம் இருந்திருக்கும்? அந்த ஒரு மாத வலிக்கு அந்த முறையும் அந்த அவசரமும் சேர்ந்தே காரணம். அதன் பிறகு ஆண்கள் இந்தப் பக்கமே வராமல் போனதில் ஆச்சரியம் இல்லை.

ஆனால் இப்போது செய்வது வேறு ஆபரேஷன். சீனாவில் அப்போது சிச்சுவான் மாநிலத்தில் இருந்த சோங்சிங் நகரத்தில் லீ ஷுன்சியாங் என்ற அறுவை மருத்துவர் 1974-இல் இதை உருவாக்கினார். அங்கேயும் ஆண்கள் கத்திக்குப் பயந்து ஒதுங்கியதுதான் அவரை யோசிக்க வைத்தது. அவர் கத்தியை எடுத்துவிட்டு இரண்டே கருவிகளை வடிவமைத்தார். ஒன்று, நுனியில் வளையம் உள்ள கவ்வி. தோலுக்கு மேலிருந்தே விந்துக்குழாயைப் பிடித்து நகராமல் நிறுத்தும். இன்னொன்று, கூரான வளைந்த முனையுள்ள இடுக்கி. தோலில் ஒரே ஒரு துளை போட்டு, திசுவை வெட்டாமல் விலக்கி வழி செய்யும். ரத்தக் குழாய்கள் அறுபடாமல் ஒதுங்கிக்கொள்ளும். அந்தத் துளை ஒரு சென்டிமீட்டர்கூட இருக்காது, விதைப்பையின் நடுக்கோட்டில் இருக்கும், இரண்டு பக்கத்துக் குழாயையும் அதன் வழியாகவே எடுத்துவிடலாம். தையல் கிடையாது, தானாக மூடிக்கொள்ளும். நம் அரசு மருத்துவமனைகளில் நவீன வாசக்டமி, கத்தியில்லாத வாசக்டமி என்று சொல்வது இதைத்தான். பழகிய கைக்குப் பத்து முதல் இருபது நிமிட வேலை.

1987 டிசம்பரில் தாய்லாந்து மன்னரின் பிறந்தநாளை ஒட்டி பாங்காக்கில் ஒரு பெரிய முகாம் நடந்தது. ஒரே நாளில் 1,203 ஆண்கள் வாசக்டமி செய்துகொண்டார்கள். சிலருக்குப் பழைய முறையிலும் சிலருக்கு இந்தப் புதிய முறையிலும் செய்து ஒப்பிட்டுப் பார்த்தார்கள். பழைய முறையில் 100-க்கு 3.1 பேருக்கு ரத்தக்கட்டு, சீழ் போன்ற சிக்கல் வந்தது. புதிய முறையில் 0.4. பெரியப்பாவின் அனுபவத்துக்கும் உங்களுக்கு நடக்கப் போவதற்கும் உள்ள வித்தியாசம் இதில்தான் இருக்கிறது. வீங்கவில்லை என்றால் பல நாள் வலிக்கும் காரணம் இல்லை.

சரி, இப்போது வலிக்கு வருவோம். வாசக்டமியில் வலி என்று எல்லாரும் ஒன்றாகச் சொல்வது உண்மையில் மூன்று இடத்தில் வரும் மூன்று வெவ்வேறு விஷயம். மரத்துப்போகும் ஊசி போடும் அந்த அரை நிமிடம். குழாயை வெளியே இழுக்கும்போது அடிவயிற்றில் வரும் ஒரு மாதிரியான இழுப்பு. வீட்டுக்குப் போனபின் இரண்டு மூன்று நாள் இருக்கும் கனமும் நோவும். கத்தி இல்லாத முறை மூன்றாவதைப் பெரிய அளவில் குறைத்துவிட்டது. முதல் இரண்டையும் குறைப்பது பெரும்பாலும் மருத்துவரின் கையில் இருக்கிறது. நீங்கள் வாய்விட்டுக் கேட்டுப் பெறக்கூடியதும் அதுவே.

ஊசியிலிருந்து தொடங்குகிறேன், உங்கள் பயமே அங்கேதான் இருக்கிறது. ஊசி வலிப்பதற்குக் குத்துவது மட்டும் காரணம் இல்லை. உள்ளே போகும் லிக்னோகெய்ன் மருந்து அமிலத்தன்மை உள்ளது, அதனால் எரியும். அதில் கொஞ்சம் சோடியம் பைகார்பனேட் கலந்தால் அமிலம் தணிந்து எரிச்சல் நன்றாகக் குறைகிறது. ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த மருந்தை அப்படியே ஏற்றாமல் உடல் சூட்டுக்குக் கொண்டுவந்து போட்டாலும் குறைகிறது. வேகமாகத் தள்ளினால் திசு உப்பி வலிக்கும், நிதானமாகப் போட்டால் வலி குறைவு. ஊசியின் பருமனும் முக்கியம். வழக்கமாக இடுப்பில் போடும் ஊசி இதற்குத் தேவையில்லை. 30 கேஜ் என்று ஒரு மெல்லிய ஊசி உண்டு, சர்க்கரை நோயாளிகள் இன்சுலின் போட்டுக்கொள்ளும் ஊசியை ஒத்த பருமன். அதை வைத்தே முழு ஆபரேஷனுக்கும் மரத்துப்போகச் செய்ய முடியும் என்று செய்து காட்டியிருக்கிறார்கள். குத்துவதற்கு முன் அந்த இடத்துத் தோலை விரல்களுக்கு நடுவே அழுத்திப் பிடித்துக்கொண்டால் குத்துவது பாதி தெரியாது. இவற்றுக்குத் தனிக் கருவியோ பெரிய செலவோ எதுவும் வேண்டாம், கொஞ்சம் பொறுமை இருந்தால் போதும்.

தோலை மட்டும் மரக்க வைத்தால் போதாது. விந்துக்குழாயை ஒட்டியே நரம்புகள் ஓடுகின்றன. அதனால் குழாயைச் சுற்றியுள்ள உறைக்குள், தொடை இடுக்குப் பக்கமாக மேல்நோக்கி மருந்தைச் செலுத்த வேண்டும். லீ ஷுன்சியாங்கின் முறையில் இதுவும் ஒரு பகுதி. சிலர் கருவியை மட்டும் எடுத்துக்கொண்டு இதை அவசரமாகச் செய்கிறார்கள். மருந்து போட்டபின் சில நிமிடம் காத்திருந்து, இடுக்கியால் கிள்ளிப் பார்த்து, ‘தெரிகிறதா?’ என்று கேட்டுவிட்டுத் தொடங்குவதுதான் சரியான முறை. தெரிந்தால் தயங்காமல் சொல்லுங்கள். இன்னும் கொஞ்சம் மருந்து போடலாம். ஆம்பளை பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொள்ள வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

நீங்கள் வீடியோவில் பார்த்தது பெரும்பாலும் ஜெட் இன்ஜெக்டர் என்ற கருவியாக இருக்கும். அதில் ஊசி கிடையாது என்பது நிஜம். மருந்தை மிக அதிக அழுத்தத்தில் மெல்லிய தாரையாகப் பீய்ச்சி, தோலைத் துளைத்துக் குழாயைச் சுற்றிப் பரவச் செய்கிறது. ‘டப்’ என்று ஒரு சத்தம், ரப்பர் பேண்டை இழுத்து விட்டது போல ஒரு சுளீர், அவ்வளவுதான். அமெரிக்காவில் 2000-களில் சில மருத்துவர்கள் இதைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார்கள். ஊசியைக் கண்டாலே நடுங்குகிறவர்களுக்கு மனதளவில் இது பெரிய நிம்மதி. ஆனால் வலியை அளந்து பார்த்த ஆய்வுகள் ஒரே முடிவுக்கு வரவில்லை. சிலவற்றில் ஊசியைவிடக் குறைவு, சிலவற்றில் மெல்லிய ஊசிக்கும் இதற்கும் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசமே இல்லை. சிலருக்கு ஆழத்தில் சரியாக மரக்காமல், மேற்கொண்டு ஊசியும் போட வேண்டி வருகிறது. நம் அரசு மருத்துவமனைகளில் இந்தக் கருவி வழக்கத்தில் இல்லை. அதைத் தேடிக்கொண்டு ஊர் ஊராக அலைவதைவிட, மெல்லிய ஊசியை நிதானமாகப் போடும் ஒருவரைத் தேடுவதே உங்களுக்கு நான் சொல்லும் யோசனை. மரத்துப்போகும் கிரீமைப் பற்றியும் சிலர் கேட்பார்கள். ஒரு மணி நேரத்துக்கு முன்பே தடவி மூடி வைத்தால் தோல் மரக்கும், உள்ளே உள்ள குழாய் மரக்காது. முதல் குத்து தெரியாமல் இருக்க மட்டும் கொஞ்சம் உதவும். லேசர் வாசக்டமி என்ற விளம்பரங்களையும் பார்த்திருப்பீர்கள். தோலில் துளை போடுவது லேசரா இடுக்கியா என்பதை வைத்து வலி பெரிதாக மாறப்போவதில்லை, அதற்கென்று தனிப் பணம் கொடுக்க வேண்டியதில்லை.

அடுத்தது அந்த இழுப்பு. மற்ற எல்லாம் மரத்துப்போன பிறகும், குழாயை வெளியே எடுக்கும் சில நொடி அடிவயிற்றில் ஏதோ பிடித்து இழுப்பது போல இருக்கும், சிலருக்குக் குமட்டும். ஏதோ தவறாக நடக்கிறது என்று பயந்துவிடாதீர்கள். ஆண் குழந்தை கருவில் வளரும்போது விதைகள் முதலில் வயிற்றுக்குள்ளே சிறுநீரகத்துக்கு அருகில்தான் உருவாகின்றன. பிறகு கீழே இறங்கும்போது தங்கள் நரம்புகளையும் ரத்தக் குழாய்களையும் கூடவே கொண்டுவருகின்றன. அதனால் கீழே தொட்டால் மேலே வயிற்றில் தெரிகிறது. மேல்நோக்கி மருந்து நன்றாகப் போயிருந்தால் இந்த இழுப்பும் பெரும்பாலும் அடங்கிவிடும். மருத்துவர் ‘இப்போது லேசாக இழுப்பேன்’ என்று முன்கூட்டிச் சொல்லிவிட்டுச் செய்தால் பாதி பயம் போய்விடும். நீங்களே ஆரம்பத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்: ஒவ்வொரு முறையும் சொல்லிவிட்டுத் தொடுங்கள் என்று.

யாரும் கவனிக்காத ஒன்று, அறையின் சூடு. ஏசியைக் கூட்டி வைத்த குளிர்ந்த அறையில் விதைப்பை சுருங்கி மேலேறிவிடும், தோல் தடித்துவிடும். பயத்திலும் அப்படியே ஆகும். அப்போது குழாயைப் பிரித்துப் பிடிப்பதே கஷ்டம். திரும்பத் திரும்பத் தேடிப் பிடிக்கும்போதுதான் தேவையில்லாத வலி. அறை வெதுவெதுப்பாக இருந்தால், சுத்தம் செய்யும் மருந்தும் ஜில்லென்று இல்லாமல் இருந்தால், எல்லாம் தளர்ந்து வேலை சுலபமாகிவிடும். அன்று காலை வெந்நீரில் குளித்துவிட்டுப் போங்கள், ஏசியைக் குறைக்கச் சொல்லிக் கேளுங்கள். யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள்.

உங்கள் மயக்கத்துக்கு வருகிறேன். ஊசியைக் கண்டு மயங்குவது கோழைத்தனம் இல்லை. சிலருடைய உடம்பில் பயமும் வலியும் வந்தவுடன் நாடித்துடிப்பும் ரத்த அழுத்தமும் சட்டென்று இறங்கும். அது நரம்புகளின் வேலை, மனசால் கட்டுப்படுத்துவது கடினம். உங்களுக்கு அப்படி நடந்திருக்கிறது என்பதை முதலிலேயே மருத்துவரிடமும் நர்ஸிடமும் சொல்லிவிடுங்கள். பல் மருத்துவரிடம் உட்கார்ந்திருந்தீர்கள், இங்கே படுத்திருப்பீர்கள், அதிலேயே பாதி சரியாகிவிடும். அந்த இடத்தை மட்டும் மரக்க வைத்துச் செய்வதென்றால் வெறும் வயிற்றில் போகக் கூடாது. இரண்டு இட்லி சாப்பிட்டுவிட்டுப் போங்கள். தலை லேசாவது போல இருந்தால் தொடை, வயிறு, கைத் தசைகளை இறுக்கிப் பிடித்துச் சில நொடி வைத்திருந்து விடுங்கள், திரும்பச் செய்யுங்கள். ரத்த அழுத்தம் இறங்காமல் இது தாங்கும். முடிந்த உடனே துள்ளி எழ வேண்டாம். பதட்டம் ரொம்ப இருந்தால், ஒரு மணி நேரத்துக்கு முன்பு போட்டுக்கொள்ள லேசான பதட்டம் தணிக்கும் மாத்திரை ஒன்றை மருத்துவரே எழுதித் தருவார். அதைப் போட்டுக்கொண்டால் அன்று வண்டி ஓட்டக் கூடாது, துணைக்கு ஆள் வேண்டும். நீங்களாக மருந்துக்கடையில் வாங்கிப் போடாதீர்கள்.

முழு மயக்கம் கொடுத்துச் செய்ய முடியுமா? முடியும். விதைப்பையில் முன்பே ஆபரேஷன் ஆனவர், இறங்காத விதையைச் சிறுவயதில் இறக்கி வைத்தவர், எவ்வளவு தேடியும் குழாய் கைக்குத் தட்டுப்படாதவர், தொட்டாலே தாங்க முடியாத பதட்டம் உள்ளவர் ஆகியோருக்குச் சில நேரம் அப்படித்தான் செய்கிறோம். மற்றவர்களுக்கு நான் அதைச் சொல்வதில்லை. இருபது நிமிட வேலைக்காக ராத்திரியிலிருந்து பட்டினி, ரத்தப் பரிசோதனை, இசிஜி, மயக்க மருத்துவர், நுரையீரலுக்கும் இதயத்துக்கும் தேவையில்லாத ஒரு சுமை, கூடுதல் செலவு. மயக்கம் தெளிந்தபின் வரும் நோவு அதனால் குறையப்போவதும் இல்லை. நீங்கள் சொன்னதை வைத்துப் பார்த்தால், அந்த இடத்தை மட்டும் நிதானமாக மரக்க வைப்பதும் தேவைப்பட்டால் ஒரு மாத்திரையும் உங்களுக்குப் போதும் என்பதே என் கருத்து.

ஆக, கருவியைவிட ஆள் முக்கியம். மருத்துவரைப் பார்க்கப் போகும்போது கூச்சப்படாமல் கேளுங்கள்: கத்தியில்லாத முறையில்தான் செய்வீர்களா, இதை அடிக்கடி செய்கிறீர்களா, மெல்லிய ஊசி போடுவீர்களா, மரத்துவிட்டதா என்று பார்த்துவிட்டுத் தொடங்குவீர்களா. மாதக்கணக்கில் ஒன்றுகூடச் செய்யாத பெரிய மருத்துவமனை நிபுணரைவிட, வாரந்தோறும் செய்யும் அரசு மருத்துவர் உங்களுக்கு நல்லவர். மாவட்டத் தலைமை மருத்துவமனையிலோ, உங்கள் மாவட்டக் குடும்ப நலச் செயலகத்திலோ கேட்டால், யார் எந்தக் கிழமையில் செய்கிறார் என்று சொல்வார்கள். அரசு மருத்துவமனையில் இலவசம், ஊக்கத்தொகையும் உண்டு. ஒவ்வொரு வருடமும் நவம்பர் 21 முதல் டிசம்பர் 4 வரை ஆண்களுக்கான கருத்தடை இருவார விழா நடக்கும். அப்போது பயிற்சி பெற்றவர்கள் கட்டாயம் இருப்பார்கள். ஆனால் கூட்டத்தில் அவசரமாக வேண்டாம், எனக்கு நேரம் எடுத்துச் செய்யுங்கள் என்று நினைத்தால் வேறு ஒரு நாளைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். போகும்போது சர்க்கரை, ரத்தக் கொதிப்பு, ரத்தம் உறையாமல் இருக்கப் போடும் மாத்திரை, ஆஸ்பிரின், குடலிறக்கம், விதை வீக்கம் என்று எது இருந்தாலும் சொல்லிவிடுங்கள். முடியை ரேசரால் வழிக்காதீர்கள், கத்தரித்தால் போதும். வழித்தால் வரும் கீறலில் கிருமி சேரும்.

இனி வீட்டுக்கு வந்தபின். மூன்றாவது வலி முழுக்க உங்கள் பொறுப்பு, அதிலும் முதல் 48 மணி நேரம். இறுக்கமான ஜட்டியோ லங்கோடோ அன்று கையோடு கொண்டுபோய் மேஜையிலிருந்து எழும்போதே போட்டுக்கொள்ளுங்கள். ஒரு வாரம், தூங்கும்போதும் அது இருக்கட்டும். விதைகள் தொங்காமல் தாங்கிப் பிடித்தால் இழுவை இல்லை, வீக்கம் இல்லை. அன்று முழுக்கப் படுத்தே இருங்கள். ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றி, இருபது நிமிடம் வைத்து எடுத்து, கொஞ்ச நேரம் விட்டு மறுபடி வைக்கலாம். ஐஸை நேரடியாகத் தோலில் வைக்காதீர்கள். மரப்பு விட ஒன்றிரண்டு மணி நேரம் ஆகும். வலி ஏறும்வரை காத்திருக்காமல் மருத்துவர் சொன்ன பாரசிட்டமாலை முன்னதாகவே போட்டுக்கொள்ளுங்கள். ஒன்றும் வலிக்கவில்லையே என்று மறுநாளே பட்டறையில் இறங்கி வீங்கிக்கொண்டு வருகிறவர்களைப் பார்க்கிறோம். வலி இல்லாததே சிலரை ஏமாற்றிவிடுகிறது.

நடமாட்டம், உட்கார்ந்து செய்யும் வேலை இரண்டு நாள் கழித்துச் சரி. சைக்கிள், பைக், கனமான வேலை எல்லாம் ஒரு வாரம் கழித்து. உங்கள் பாவு பீம் விஷயத்தில் நான் இன்னும் கொஞ்சம் கறாராக இருப்பேன். மூச்சைப் பிடித்துத் தூக்கும்போது அடிவயிற்றில் அழுத்தம் ஏறி விதைப்பையில் ரத்தம் தேங்கும். பத்து நாள் அதை வேறு ஆளிடம் விடுங்கள். தறி ஓட்டுவதையும் நூல் முடிவதையும் நீங்கள் பார்த்துக்கொள்ளலாம். தறி நிற்கும் பண்டிகை வாரத்தை ஒட்டித் தேதி வைத்துக்கொண்டால் கூலி நட்டமும் இருக்காது.

லேசான வீக்கம், நீலம் பாய்ந்த தோல், பட்டாணி அளவில் ஒரு சின்னக் கட்டி, முதல் சில முறை விந்தில் ரத்தச் சாயல், இவையெல்லாம் தானாகச் சரியாகும். வீக்கம் மணிக்கு மணி பெரிதாகிக்கொண்டே போனால், காய்ச்சல் வந்தால், சீழ் வடிந்தால், மாத்திரைக்கும் அடங்காத வலி இருந்தால் அன்றே போய்க் காட்டுங்கள், காலையில் பார்க்கலாம் என்று இருக்க வேண்டாம்.

ஒன்றை மறைக்க விரும்பவில்லை. 100 பேரில் ஒருவர் அல்லது இருவருக்கு, மூன்று மாதத்தைத் தாண்டியும் அன்றாட வாழ்க்கையைத் தொந்தரவு செய்யும் வலி நீடிக்கலாம். விதைக்குப் பின்னால் உள்ள சுருள்குழாயில் விந்தணுக்கள் தேங்கி அழுத்துவதும், நரம்பு சிக்கிக்கொள்வதும் இதற்குக் காரணமாகச் சொல்லப்படுகின்றன. பெரும்பாலானவர்களுக்கு மாத்திரை, தாங்கும் உள்ளாடை, தேவைப்பட்டால் நரம்புக்கு மரத்துப்போகும் மருந்து என்று படிப்படியாகப் போனால் தணிகிறது. மிகச் சிலருக்கு மேற்கொண்டு ஆபரேஷன் தேவைப்படலாம். விதைப் பக்கத்து முனையை மூடாமல் திறந்து விட்டு, மேல் முனையை மட்டும் சூடு வைத்து மூடினால் இந்த அழுத்தம் குறையும் என்று சில மருத்துவர்கள் அப்படிச் செய்கிறார்கள். நியாயமான யோசனைதான், ஆனால் உறுதியாகச் சொல்லும் அளவுக்கு ஆதாரம் இன்னும் சேரவில்லை. ஆபரேஷனுக்கு முன்பே உங்களுக்கு விதையில் அடிக்கடி வலி இருந்தால், அதை முதலில் பார்த்துவிட்டுத்தான் இதற்கு வர வேண்டும்.

அம்மாவுக்குச் சொல்ல வேண்டியது இது. ஆண்மைக்கான ஹார்மோன் விதையிலிருந்து நேராக ரத்தத்தில் கலக்கிறது, இந்தக் குழாய் வழியாகப் போவதே இல்லை. அதனால் மீசையும் குரலும் தசையும் ஆசையும் விறைப்பும் அப்படியே இருக்கும். விந்து நீரில் விதையிலிருந்து வரும் பங்கு 100-க்கு 5-க்கும் குறைவு, மீதியெல்லாம் உள்ளே உள்ள வேறு சுரப்பிகளிலிருந்து வருகிறது. அளவு குறைந்தது உங்களுக்கே தெரியாது. பீமைத் தூக்கும் கையில் ஒரு குறைவும் வராது. வீட்டில் சொல்வதா வேண்டாமா என்பது உங்கள் விருப்பம். மனைவியின் கையெழுத்துகூட விதிப்படி கட்டாயம் இல்லை, உங்கள் சம்மதம் ஒன்றே போதும். ஆனால் அவரோடு பேசி எடுத்த முடிவு என்பது உங்கள் கடிதத்திலேயே தெரிகிறது.

குழாயை வெட்டாமல் உள்ளே ஒரு மருந்தைச் செலுத்தும் முறை வரப்போகிறதே, அதற்குக் காத்திருக்கலாமா என்று யாராவது உங்களுக்குச் சொல்லலாம். கரக்பூர் ஐஐடியில் பேராசிரியர் சுஜோய் குஹா 1970-களிலிருந்தே உழைத்து உருவாக்கிய முறை அது. 303 ஆண்களிடம் நடந்த மூன்றாம் கட்டச் சோதனையின் முடிவுகள் 2023-இல் வெளியாயின, நல்ல முடிவுகள்தான். ஆனால் வலியைப் பொறுத்தவரை அதிலும் அதே மரத்துப்போகும் ஊசி, அதே துளை, அதே குழாயை வெளியே எடுப்பது எல்லாம் உண்டு. உங்கள் மனைவியின் உடல்நிலைக்கு நீங்கள் காத்திருப்பது நல்லதில்லை.

இன்னொன்று, இது நிரந்தரம் என்று நினைத்தே செய்துகொள்ளுங்கள். திரும்ப இணைக்கும் நுண் அறுவை சிகிச்சை இருக்கிறது, ஆனால் வருடங்கள் போகப் போக அதன் பலன் குறையும், செலவும் அதிகம். உங்கள் மனதில் மூன்றாவது குழந்தை பற்றி ஒரு சின்ன ஆசை இருந்தால்கூட இப்போதைக்கு ஆணுறையோடு நிறுத்திக்கொள்ளலாம்.

கடைசியாக, இதை மறந்துவிட்டு மாட்டிக்கொள்கிறவர்கள் நிறையப் பேர். ஆபரேஷன் முடிந்த அன்றே கருத்தடை ஆகிவிடாது. வெட்டிய இடத்துக்கு மேலே குழாயில் ஏற்கெனவே இருக்கும் விந்தணுக்கள் வெளியேற மூன்று மாதம் ஆகலாம். நோவு தீர்ந்து ஒரு வாரம் போனபின் தாம்பத்தியம் வைத்துக்கொள்ளலாம், ஆனால் ஆணுறையோடு. மூன்று மாதம் முடிந்தபின் செய்த இடத்திலேயே விந்துப் பரிசோதனை கொடுங்கள். விந்தணு இல்லை என்று வந்தால் சான்றிதழ் தருவார்கள். இருக்கிறது என்று வந்தால் பயப்பட வேண்டாம், சில வாரம் கழித்து மறுபடி பார்ப்பார்கள். அந்தச் சான்றிதழ் கைக்கு வரும்வரை ஆணுறையை நிறுத்தாதீர்கள். மனைவியின் ரத்த அளவு இப்போது இருக்கும் நிலையில் இன்னொரு கர்ப்பம் அவருக்கு ஆகாது.